நூற்று நாற்பது முழம்

செப்டம்பர் 20

நடந்தது அத்தனையையும் நான் முன்கூட்டியே சொன்னேன். சொன்னபோது யாரும் எழுதி வைக்கவில்லை. அது என் தப்பில்லை. ஆகவே, நல்ல செய்திக்கென்று காலியாக விட்டிருந்த இந்த முதல் பக்கத்தில் நானே எழுதி வைக்கிறேன். எந்த இடம், எத்தனை ஆழம், என்ன ருசி, மூன்றையும் சொன்னவன் திருச்செங்கோடு அர்த்தநாரி. தான்சானியா நாட்டில், சிங்கிடா பக்கம், ஒரு மேல்நிலைப் பள்ளியில் பணிமனை ஆசிரியர். வயது ஐம்பத்தாறு. பார்த்தால் நாற்பத்தைந்துதான் சொல்வார்கள். பின்னால் வரும் பக்கங்களைப் படிப்பவர்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 8

இந்த நோட்டு பிருந்தா கொடுத்தது. என் அக்கா மகள். நாலு வருடமாக இந்தப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறாள். நான் போர்வெல் ரிக் வண்டியோடு இந்த நாட்டுக்கு வந்து, முட்டி தேய்ந்து, ஊர் திரும்ப இருந்த நேரத்தில், தலைமையாசிரியர் என் திறமையைக் கேள்விப்பட்டு விடாப்பிடியாக நிறுத்திக்கொண்டார். பிருந்தாவும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

"தெனமும் நாலு சுவாஹிலி வார்த்தை இதுல எழுதிப் பழகுங்கொ மாமா."

"எனக்கெதுக்கு அம்மிணி? நான் பேசுனா இவுங்களே அசந்து போறாங்க."

"ஆமாங் மாமா, நேத்து வாட்ச்மேன் அசந்துதான் போனாரு. இன்னும் எங்கிட்ட அர்த்தம் கேட்டுட்டு இருக்கறாரு."

சுவாஹிலி எழுதப் போவதில்லை. நாட்குறிப்பு எழுதப் போகிறேன். இங்கத்திய ஆட்கள் பேசுவதையும் நம்ம பேச்சிலேயே எழுதிவிடுவேன். எனக்கு முடியாமல் இல்லை, படிப்பவர்கள் பாவம்.

ஜூலை 12

காலையில் சட்டைப் பித்தான் தைத்தேன். ஜெனரேட்டருக்கு எண்ணெய் மாற்றினேன். வகுப்பில் அரம் பிடிப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தேன். பேச்சுவாக்கில், கோயமுத்தூரில் டிப்ளமோவில் நான் முதலாவதாக வந்ததைச் சொல்ல வேண்டியதாயிற்று.

"எந்த வருஷம், முவாலிமு?" என்று கேட்டாள் ரெஹேமா. முவாலிமு என்றால் வாத்தியார். பதினாறு வயசு, ஒல்லி, எதைச் சொன்னாலும் நோட்டில் எழுதிக்கொள்ளும் பிள்ளை.

வருடத்தைச் சொன்னேன். விரல் விட்டுக் கணக்குப் போட்டாள்.

"அப்ப உங்களுக்குப் பதிமூணு வயசு."

எங்கள் ஊரில் சீக்கிரம் முடித்துவிடுவார்கள் என்று விளக்கினேன். அதையும் எழுதிக்கொண்டாள்.

ஜூலை 19

மூன்றாம் படிவ மாணவர்கள் வருடத்துக்கு ஒரு தொண்டு செய்ய வேண்டும் என்பது இந்தப் பள்ளியின் வழக்கம். போன வருடம் பஸ் நிறுத்தத்துக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார்கள். இந்த வருடம் பதினொரு பேர். வழிகாட்டிகள் பிருந்தாவும் நானும். முதன்மை வழிகாட்டி நான்தான். தாளில் அவள் பெயர் மேலே இருப்பது டைப் அடித்தவரின் கவனக்குறைவு.

ஆறு கிலோமீட்டர் தள்ளி முகோமா என்று ஒரு கிராமம். அங்கே தகரக் கூரை போட்ட சின்ன ஆஸ்பத்திரி. இரண்டு அறை, ஒரு நர்ஸ். பெயர் அகாத்தா. குழாய் கிடையாது. பிரசவத்துக்கு வரும் பெண்கள் ஆளுக்கு இரண்டு மஞ்சள் எண்ணெய்க் கேனில் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நாங்கள் போயிருந்தபோது ஒருத்தி சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தாள். வயிற்றுக்கு முன்னால் கேனைப் பிடித்திருந்தாள். புருஷன் தள்ளிக்கொண்டு வந்தான். அகாத்தா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கேனைத்தான் பார்த்தாள்.

"ஒண்ணுதானா?"

"இன்னொண்ணு வழியில கொட்டிருச்சு," என்றான் புருஷன்.

"அப்ப ஒண்ணு, புள்ளையக் கழுவலாம். இல்லாட்டி நான் கை கழுவலாம். எதுன்னு நீயே சொல்லு."

திரும்பி வரும்போது, பள்ளி கேட் வந்ததும் ரெஹேமா, "போர்வெல்," என்றாள். நான் மனசுக்குள் அதை ஏற்கனவே சொல்லி முடித்திருந்தேன்.

ஜூலை 20

துணி துவைத்தேன். சந்தையில் புளி கிடைத்தது. ரசம் வைத்தேன். பிருந்தா நாலு தடவை ஊற்றிக்கொண்டாள். இரண்டு என்பாள்.

ஜூலை 28

குப்புசாமிக்குப் போன் போட்டேன். நம்ம ஊர்க்காரன். என்னோடு ரிக் வண்டியில் இருந்தவன், இப்போது இந்த நாட்டில் சொந்த வண்டி ஓட்டுகிறான். தொழில் கற்றுக்கொடுத்தது நான். அவன் வேறு மாதிரி சொல்வான்.

"செப்டம்பர் ரெண்டாந்தேதி அந்த வழியாத்தான் முவான்சா போறனுங்ணா. தொண்டுன்னு சொல்றீங்க, ஒரு நா நிக்கறேன். சும்மாவே போட்டுக் குடுக்கறேன். கேசிங் பைப்பு மட்டும் உங்க பசங்க பாத்துக்கட்டும்."

"அது போதும்."

"ஆனா ஒரே குழிதானுங்ணா. தண்ணி வர்லீன்னா வர்லீன்னு போயிருவேன். அங்க ஆளுக காத்துட்டு இருக்கறாங்க."

எனக்கு ஒரு குழி தாராளம் என்றேன். அவன் சிரித்த மாதிரி கேட்டது. லைன் சரியில்லை.

பைப்புக்காக மாணவர்கள் சனிக்கிழமைகளில் சூரியகாந்தி விதை அடிக்கப் போகிறார்கள். நான் மேற்பார்வை.

ஆகஸ்ட் 5

பல்கலைக்கழகத்தில் பிருந்தாவுக்குத் தெரிந்த ஒருவர் ஒரு பழைய மீட்டரைக் கடனாகக் கொடுத்திருக்கிறார். நாலு இரும்புக் கம்பியை வரிசையாக மண்ணில் அடித்து, கரண்ட் விட்டால், அடியில் பாறை எங்கே கெட்டி, எங்கே உடைசல் என்று எண்ணில் சொல்லும். கம்பிகளைத் தள்ளித் தள்ளி அடித்தால் இன்னும் ஆழத்தைச் சொல்லும். முகோமா ஆஸ்பத்திரியைச் சுற்றிப் பதினாலு இடத்தில் அளக்க வேண்டுமாம்.

மீட்டரைக் கண்டு பிள்ளைகள் மிரண்டுவிடக் கூடாது என்பதற்காக நான் சொன்னேன்:

"எங்க ஊர்ல இதெல்லாம் தேவையே இல்ல. உரிச்ச தேங்கா, குடுமியோட, உள்ளங்கையில படுக்க வெச்சு நடப்போம். அடியில தண்ணி இருந்தா தேங்கா எந்திரிச்சு நிக்கும்."

"எப்படி நிக்கும்?" என்றாள் ரெஹேமா.

"தானா."

"எதனால?"

"தண்ணி இருக்கறதால."

எலியா என்ற பையன் வாயைப் பிளந்தான். ரெஹேமா நோட்டில் எழுதிவிட்டு, எழுதியதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டாள். பிருந்தா என்னைப் பார்க்காமல் கம்பியை ஓங்கி ஓங்கி அடித்தாள்.

ஆகஸ்ட் 14

இன்னும் கம்பி அடிக்கிறார்கள். என் முட்டிக்கு விளக்கெண்ணெய் தடவினேன்.

ஆகஸ்ட் 18

ரெஹேமா வரைபடம் போட்டு முடித்துவிட்டாள். பதிமூன்று இடத்தில் மேலிருந்து கீழ்வரை கெட்டிப் பாறை. ஆஸ்பத்திரி கேட் அருகே எல்லாவற்றையும்விடக் கெட்டி. ஒரே ஒரு இடத்தில், ஆஸ்பத்திரிக்குப் பின்னால் முந்நூறு தப்படி வைத்தால் வரும் கரையான் புற்றுக்குப் பக்கத்தில், அறுபத்து நாலாவது மீட்டரில் கோடு சட்டென்று இறங்குகிறது: உடைசல், தண்ணீர் நிற்கும் இடம். அந்தப் புற்று நிற்பது அவள் அப்பாவின் சோளக்காட்டு ஓரத்தில்.

"மூணு தடவ அளந்துட்டேன் முவாலிமு. மூணு தடவையும் எங்க காட்டுலயே வருது. வேற யார் காட்டுலயாவது வந்திருக்கக் கூடாதா?"

எழுத்துப்பிழை பார்க்கிறேன் என்று நோட்டை வாங்கிக்கொண்டேன். மத்தியானம் முழுக்க என்னிடமே இருந்தது. பிழை இல்லை. பொழுது போகாமல் அந்தப் படத்தை இந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அறுபத்து நாலு மீட்டர் என்றால் இருநூற்றுப் பத்து அடி.

ஆகஸ்ட் 20

சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். யோசனையில்லாமல் நடந்ததில் முகோமாவே வந்துவிட்டது. வந்ததுதான் வந்தோமே என்று புற்றடியில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தேன். அத்திமரம் மூன்று, ஒரே வரிசையில், இந்த வெயிலிலும் பச்சையாக நிற்கின்றன. வரிசை கரையான் புற்றைத் தொட்டுக்கொண்டு போகிறது. வெள்ளைக்கல் சில்லுகள் அதே கோட்டில் கிடக்கின்றன. ஒன்றை எடுத்து நக்கிப் பார்த்தேன். திருச்செங்கோட்டு மலைக் கல்லும் இதுவும் பங்காளி.

கேட் அருகேயும் போய் நின்றேன். அங்கே நக்கிப் பார்க்க ஒன்றுமில்லை.

நடைக்காகத்தான் போனேன். முட்டி வீங்கியிருக்கிறது.

ஆகஸ்ட் 26

ஊர்க்கூட்டம். இடத்தை முடிவு செய்ய மாமரத்தடியில் நூற்றைம்பது பேர். (பிருந்தா அறுபது என்கிறாள்.) ஊர்த்தலைவர் ஹமிசி, வெள்ளைத் தொப்பி, மடக்கு நாற்காலி.

பிருந்தா வரைபடத்தை விளக்கினாள். ரெஹேமா பக்கத்தில் நின்று தாளைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாம் சரி டீச்சர்," என்றார் ஹமிசி. "ஆனா கோடு எங்க போய் விழுது பாருங்க. அளந்த புள்ளையோட காட்டுல!"

கூட்டம் சிரித்தது. "மீட்டருக்கும் அவ அப்பன்கிட்ட பயம் போல!" என்று எவனோ கத்தினான்.

ரெஹேமாவின் அப்பா எழுந்தார். பேசிப் பழக்கமில்லாத மனுஷன். "அந்த ஓரத்த ஆஸ்பத்திரிக்கு எழுதிக் குடுத்துடறேன். இப்பவே கைநாட்டு வெக்கறேன்," என்றார்.

"எழுதிக் குடுத்தாலும் மொதல்ல குடிக்கறது உன் மாடுதானே? கேட்டுலயே போடுங்க. அது எல்லாருக்கும் பொது."

பலர் தலையாட்டினார்கள். அகாத்தா தன் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காற்றில் தாள் படபடத்தது, ரெஹேமா விடவில்லை. அவளை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

"கேட்டுல வெறும் பாறைங் மாமா," என்றாள் பிருந்தா மெதுவாக. "முடிஞ்சுது."

என் பையில் சட்னிக்கு வாங்கிய தேங்காய் ஒன்று இருந்தது. எழுந்தேன்.

இனி நடந்ததை உள்ளபடி எழுதுகிறேன். தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்துக் கண்ணை மூடினேன். கூட்டம் பின்னால் வந்தது. கேட் அருகே மூன்று சுற்றுச் சுற்றினேன். தேங்காய் தூளிப் பிள்ளை மாதிரி தூங்கியது. ஹமிசியே குனிந்து பார்த்தார். பிறகு அதுவாக என்னைப் பின்பக்கம் இழுத்தது. நான் நடக்கவில்லை, அது நடத்தியது. புற்றடிக்குப் போனதும் உள்ளங்கை சுட்டது. தேங்காய் சிலிர்த்தது, புரண்டது, குடுமி வானத்தைப் பார்க்கக் கோபுரக் கலசம் மாதிரி எழுந்து நின்றது. பெண்கள் குலவை போட்டார்கள். எலியா அழுதுவிட்டான்.

"எத்தனை ஆழம்?" என்றார் ஹமிசி. தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"நூத்தி நாப்பது அடி. அதுக்கு மேல ஒரு அடி வேண்டாம். ருசி எளநி மாதிரி இருக்கும்."

ஒரே குரலில் முடிவாயிற்று.

மாலையில் தேங்காயை உடைத்துச் சட்னி அரைத்தேன். நல்ல காய். பிருந்தா தொடவில்லை.

"அந்தப் புள்ள ரெண்டு வாரம் வெயில்ல நின்னு அளந்துச்சுங் மாமா. நீங்க பத்து நிமிசம் நடந்தீங்க."

"எடம் அதே எடந்தானே அம்மிணி?"

"அதேதான். அவ சொன்னப்ப சிரிச்சாங்க. நீங்க சொன்னப்ப குலவை போட்டாங்க." தட்டைக் கழுவப் போய்விட்டாள். "அதென்ன நூத்தி நாப்பது? படத்துல இருநூத்திப்பத்துல்ல போட்டிருக்கு?"

வேகத்தில் வந்துவிட்டது. இருநூற்றுப் பத்து என்றால் கேட்பதற்கு அவ்வளவு எடுப்பாக இல்லை.

செப்டம்பர் 1

முடி வெட்டிக்கொண்டேன். தூக்கம் நன்றாகத்தான் வந்தது. இரண்டு மணிக்கு மேல்.

செப்டம்பர் 2

காலை ஆறரைக்கு ரிக் வண்டி வந்தது. குப்புசாமி இறங்கி என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். (தோளைத் தொட்டான் என்பாள் பிருந்தா.) புற்றடியில் வண்டியை நிறுத்தி, ஒன்பது மணிக்கு ஹேமர் இறங்கியது. நாற்பது அடி மண். பைப் இறக்கினார்கள். அப்புறம் பாறை.

வெள்ளைப் புழுதி. எண்பது அடி, புழுதி. நூறு, புழுதி. பதினொரு பிள்ளைகளும் தலை முதல் கால்வரை மாவில் புரட்டியது போல் நின்றார்கள். நூற்று நாற்பது என்றதும் கூட்டம் நெருங்கி வந்தது. நூற்று நாற்பதிலும் புழுதிதான். நூற்றைம்பது.

ஹமிசி எழுந்தார். நாற்காலியைத் தானே மடக்கினார். "தேங்கா மறுபடி தூங்கப் போயிருச்சு," என்றார். கூட்டம் கலைய ஆரம்பித்தது. அகாத்தா மட்டும் காலிக் கேனோடு நின்ற இடத்திலேயே நின்றாள்.

"கெட்டிப் பாறைங்ணா," என்றான் குப்புசாமி காதருகே. "ஹேமரு தேயுது. நீங்கதான நூத்தி நாப்பதுன்னு சொன்னீங்களாம்? இருபதடி சேத்தியே போயிட்டேன். நூத்தி அறுவதோட ராடை ஏத்திக்கறேன்."

அப்போது ரெஹேமா வந்தாள். நோட்டைத் திறந்து, அந்தப் பக்கத்தை என் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள். விரல் அறுபத்து நாலில் இருந்தது.

"யார்றா அடின்னு சொன்னது?" என்றேன். "எங்க ஊர்த் தேங்கா முழத்துலதான் பேசும். நூத்தி நாப்பது முழம்! முழத்துக்கு ஒண்ணரை அடி. போட்றா ராடை, இருநூத்திப்பத்துக்கு!"

குப்புசாமி என்னையே பார்த்தான். இருபத்திரண்டு வருடப் பழக்கம். பிருந்தா முகத்தில் ஒன்றுமே இல்லாமல் சுவாஹிலியில் மொழிபெயர்த்தாள். எலியா விரலால் பெருக்கிவிட்டு, "இருநூத்திப்பத்து! சரியா வருது!" என்று கத்தினான். போனவர்கள் நின்றார்கள். ஹமிசி நாற்காலியைப் பாதி விரித்தார்.

நூற்று எண்பது, புழுதி. இருநூறு, புழுதி, ஆனால் பழுப்பு. குப்புசாமி அள்ளித் தேய்த்துப் பார்த்தான். எனக்கு வாய் உலர்ந்திருந்தது, புழுதியால். இருநூற்றுப் பன்னிரண்டில் ஹேமரின் சத்தம் மாறியது. சேறு துப்பியது. அப்புறம் தண்ணீர், அறுபது அடி உயரத்துக்கு. அத்திமரத்துக்கு மேலே போயிற்று. சின்ன அத்திமரம்தான்.

"ரெண்டு இஞ்சு தண்ணிங்ணா!" என்று கத்தினான் குப்புசாமி. நான் பார்த்தவரை நாலு இஞ்ச்.

அகாத்தா கேனை நீட்டினாள். எலியாவும் மற்ற பிள்ளைகளும் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். மேலேயிருந்து பார்த்தேன். ரெஹேமா நோட்டைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, நனையாமல், தள்ளி நின்றாள். அவள் அப்பா சேற்றில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைக் கழுவிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் லேசாக உப்பு. இளநீரிலும் லேசாக உப்பு உண்டு.

செப்டம்பர் 3

விடியும் முன் குப்புசாமி முவான்சா கிளம்பினான். "முழமாங்ணா?" என்று கேட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

செப்டம்பர் 9

கைப்பம்பு மாட்டித் திறப்பு விழா. மாவட்ட அதிகாரி வந்தார். மேசைமேல் மாலை போட்ட ஒரு தேங்காய். அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் தர ஒரு மாணவி வேண்டும் என்றார்கள். ரெஹேமாதான் உயரம் என்று அவளை நிறுத்தினார்கள். நேராக நடந்து வந்து கொடுத்தாள். தட்டு ஆடவில்லை.

பலகையில் எழுதியிருக்கிறது: "தேங்காயால் இந்த நீரைக் கண்டவர் முவாலிமு நாரி." அர்த்தநாரி முழுதாக வாயில் நுழையவில்லையாம்.

அகாத்தா பேச மறுத்துவிட்டாள். பம்பை ஒரு பையன் அடிக்க, முழங்கைவரை சோப்புப் போட்டு, எல்லோரும் பார்க்க, நிதானமாகக் கை கழுவினாள். விழாவில் அதுதான் நீளமான நிகழ்ச்சி, என் உரையைத் தவிர.

செப்டம்பர் 14

மூன்று ஊர்களிலிருந்து ஆள் வந்துவிட்டது. டிசம்பரில் குப்புசாமி திரும்பும்போது அதில் ஒரு ஊரில் ஒரு குழி போடுவதாகச் சொல்லியிருக்கிறான். தேங்காயோடு நான் வர வேண்டுமாம். மாணவர் கூட்டத்தில் எலியா, "மீட்டரைத் திருப்பிக் கொடுத்துடலாம், இனி எதுக்கு?" என்றான். எல்லோரும் கை தூக்கினார்கள். ரெஹேமா கை தூக்கவில்லை, மறுக்கவும் இல்லை. அவளே கம்பிகளைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கினாள்.

சந்தையில் தேங்காய் தட்டுப்பாடு.

செப்டம்பர் 17

எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். பிருந்தா மூன்று நாளாகத் தேவைக்கு மட்டும் பேசுகிறாள். "ரசம்," "உப்பு," "போறேன்."

செப்டம்பர் 23

சனிக்கிழமை. பணிமனையில் ரம்பத்துக்குப் பல் தீட்டிக்கொண்டிருந்தேன். ரெஹேமா வந்தாள். ஒரு கையில் உரித்த தேங்காய், குடுமியோடு. இன்னொரு கையில் ஒரு படிவம்.

"தேங்கா பாக்கச் சொல்லிக் குடுங்க, முவாலிமு."

"அது எல்லார் கைக்கும் வராதும்மா. எங்க பரம்பரையில ஏழு தலமுறையா..."

"நானே பாத்துப் பழகினேன். பாக்கறீங்களா?"

தேங்காயை உள்ளங்கையில் படுக்கவைத்தாள். கடைசல் மெஷின் பக்கத்திலிருந்து வாசல்வரை நடந்தாள். வாசலில் நின்றாள். தேங்காய் சிலிர்த்தது. புரண்டது. குடுமி மேலே பார்க்க எழுந்து நின்றது. என்னைவிட நன்றாகச் செய்தாள்.

"இங்க தண்ணி இருக்கா, முவாலிமு?"

"இது சிமென்ட் தரை."

"ஆமா." தேங்காயை மேசைமேல் வைத்தாள். "அன்னிக்கு நான் உங்களுக்கு இடது பக்கம் நின்னேன். கட்டைவிரல் வலிச்சுதா?"

நான் அரத்தை எடுத்து ரம்பத்தில் தீட்டிய பல்லையே மறுபடி தீட்டினேன்.

"தலைவர் கேட்டுலதான் வேணும்னாரு. நீங்க அங்கயே எழுப்பியிருந்தா அவருக்குச் சந்தோசம். ஏன் எங்க காட்டுல எழுப்புனீங்க?"

"கேட்டுல பாறை."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. படிவத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தாள். டோடோமாவில் மாணவர் அறிவியல் கண்காட்சி. திங்கட்கிழமை காலை பஸ். பக்கமெல்லாம் நிரப்பியிருந்தாள், அவளுடைய சின்னச் சின்ன எழுத்தில். ஒரு வரி மட்டும் காலி: "இடம் தேர்ந்தெடுக்கப்பட்ட முறை." அதன் கீழே வழிகாட்டி கையொப்பம்.

"நான் மீட்டர்னு எழுதினா பொய்னு சொல்வாங்க. ஊரே தேங்காயப் பாத்திருக்கு, பலகையில பேர் இருக்கு. தேங்கான்னு எழுதினா நான் போக வேண்டியதில்ல, நீங்கதான் போகணும்." கதவருகே போய்த் திரும்பினாள். "டிசம்பர்ல அந்த ஊருக்கும் ஒரே குழிதானே, முவாலிமு?"

தேங்காயை எடுத்துப் போகவில்லை.

செப்டம்பர் 24

தேங்காய் மேசைமேலேயே இருக்கிறது. சட்னி அரைக்கவில்லை.

செப்டம்பர் 25

படிவத்தை நிரப்பினேன். முதலில் பென்சிலில், பிறகு பேனாவில். "இடத்தையும் ஆழத்தையும் கண்டவர் ரெஹேமா. மீட்டர் வைத்து, அதே இடத்தை மூன்று தடவை அளந்து. இருநூற்றுப் பத்து அடி என்று படத்தில் போட்டிருந்தார். இருநூற்றுப் பன்னிரண்டில் வந்தது. நான் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொன்னேன்." தமிழில் எழுதிக் கொடுத்தேன், பிருந்தா ஆங்கிலத்தில் ஆக்கினாள். எழுதி முடித்துத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். கையொப்பத்துக்குக் கீழே தகுதி என்று ஒரு கட்டம். டிப்ளமோ என்று எழுத இடம் இருந்தது. "ரிக் வண்டி, இருபத்திரண்டு வருடம்" என்று எழுதினேன். அது கட்டத்துக்கு வெளியே போய்விட்டது.

பஸ் ஏழு மணிக்கு. ரெஹேமா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து அந்த வரியைப் படித்தாள். இரண்டு தடவை. பிறகு, "முழத்தைப் பத்தி எழுதலையே?" என்றாள்.

"அதுக்கு எடம் பத்துல."

பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். பஸ் போயிற்று.

பிருந்தாவைக் கூட்டிக்கொண்டு முகோமா போனேன். ஹமிசியிடம் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அவர் நெடுநேரம் தொப்பியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அப்ப நூத்தி நாப்பது முழம்?"

"அது அவ நோட்டுல இருந்த இருநூத்திப்பத்து அடிதான்."

"நாங்க அந்தப் புள்ளையப் பாத்துச் சிரிச்சோம்," என்றார். என்னைத் திட்டவில்லை. பலகையைக் கழற்றிக்கொண்டு வரச் சொன்னார். போன வருடத்துப் பச்சைப் பெயின்ட் அரை டப்பா பள்ளியில் இருக்கிறது. நாளைக்கு நானே அடிப்பதாகச் சொல்லியிருக்கிறேன். எழுத்து என் கையெழுத்து, அழகாக இருக்கும். மீட்டரைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று எலியாவிடமும் சொல்லியாயிற்று. அவன் இன்னும் நம்பவில்லை. அவனுக்குக் கட்டைவிரலைக் காட்ட வேண்டியிருக்கும்.

அகாத்தாவுக்கு இதைக் கேட்க நேரமில்லை. உள்ளே ஒருத்தி வலியில் கத்திக்கொண்டிருந்தாள். வாசல் திண்டில் மஞ்சள் கேன் இல்லை.

திரும்பும் வழியில் பிருந்தா, "ராத்திரிக்கு ரசமா, குழம்பா மாமா?" என்றாள். பதினொரு நாளைக்கு அப்புறம் ஒரு முழு வாக்கியம்.

ஒரு திருத்தம். ஆகஸ்ட் 26-ஆம் தேதிப் பக்கத்தில், உள்ளங்கை சுட்டது, தேங்காய் எழுந்து நின்றது என்று எழுதியிருக்கிறேன். கை சுடவில்லை. தேங்காய் எழவில்லை. இருபத்திரண்டு வருடத்தில் எந்த ஊரிலும், எந்தக் காட்டிலும், என் கையில் அது ஒரு தடவைகூட எழுந்ததில்லை. நான்தான் எழுப்பினேன். மற்றதெல்லாம் நடந்தபடியே இருக்கிறது, அத்திமரத்தின் உயரத்தைத் தவிர.